தீக்காக்கை வாழும் காட்டில் சலீம் அலி

பின்னலாடைத் தொழிலால் பெயர்பெற்ற திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதி ஆனைமலைக் காடுகளைத் தொடுகிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலை சின்னாற்றைக் கடந்து மறையூரை அடையும். திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சலீம் அலி, 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் பணியைத் தொடங்கிய இடம் அம்மறையூரே. மனைவி தெகமினாவும் உடன் வந்திருந்தார்.

1896இல் பம்பாயில் பிறந்த சலீம் அலி, இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது சுட்டு வீழ்த்திய குருவியொன்றின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அதன் பெயரை அறியும் ஆவல் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு இட்டுச் சென்றது. பின்னர்ப் பெர்லினில் ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயின்று திரும்பியபோது அவருக்கு வேலை இல்லை. செலவை மட்டும் ஏற்றால் போதும், ஊதியம் வேண்டா என்று சமஸ்தானங்களுக்குத் தெரிவித்தே இத்தகைய கணக்கெடுப்புகளை மேற்கொண்டார்.

மேற்குத்தொடர்ச்சி மலையின் அடர்காட்டில் வாழும் தீக்காக்கை அவர் பதிவுசெய்த பறவைகளுள் ஒன்று. ஆணின் தலை கருமை, மார்பில் வெண்பட்டை, வயிறு செந்தழல் நிறம். இத்தகைய நிறம் இருந்தும் அதைக் காண்பது எளிதன்று. ஆளரவம் கேட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாது அமர்ந்துவிடும். தவிட்டு நிற முதுகு மரக்கிளையோடு ஒன்றிவிடும். இலைகளில் ஊரும் பூச்சிகளைச் சட்டெனப் பறந்து கவ்வும். உளுத்த மரத்தைக் குடைந்தே கூடமைக்கும். பட்டமரங்களை அகற்றிவிட்டால் அதற்கு வீடில்லை.

அக்காலத்தில் பறவைகளைச் சுட்டுப் பாடம்செய்வதே ஆய்வுமுறை. இன்று நமக்கு அது உறுத்தலாம். தீக்காக்கையின் தோலோ மிக மெலிது. தொட்டால் இறகு உதிரும். வெளிச்சம் பட்டால் அருங்காட்சியகத்தில் அதன் சிவப்பும் வெளுத்துவிடும். உயிரோடு பார்த்து எழுதிய குறிப்புக்கு ஈடில்லை. சலீம் அலியின் நாட்குறிப்புகளின் பெருமதிப்பும் அதில்தான் உள்ளது.

1939இல் தெகமினா காலமானார். காட்டுக்கூடாரங்களில் இன்பதுன்பங்களைப் பகிர்ந்த துணை போனபின், அவர் பணியிலேயே மூழ்கினார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. முதுமையிலும் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல்கொடுத்தார். 1987இல் தம் தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்துக் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் மையம் தொடங்கப்பட்டது.