தெலுங்குச் சீமையில் ஒரு தமிழ்ப் பேராயர்

நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ல் கிராமப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1902-ல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழர் சொந்தப் பணத்தில் ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். நம்மவர் வெள்ளைக்காரர் பணத்தையே நம்பியிருப்பது அவரை உறுத்தியது. மறு ஆண்டே நண்பர்களுடன் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். 1909-ல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் சீமையின் தோர்ணக்கல்லுக்குப் போனார். முப்பத்தைந்து வயதுக்காரர் தெலுங்கு கற்றுக்கொண்டு அம்மக்களுக்கு ஊழியம் செய்தார்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. இந்தியருக்குக் கீழே வெள்ளைக்காரர் வேலை செய்வதா என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அவர் பொருட்படுத்தவில்லை.

ஊர்களோ ஏராளம், குருமார் வெகு சிலர். எனவே ஒரு குருவுக்குப் பல ஊர்கள் என்று வைத்து, ஊர்களில் உபதேசியார்களை அமர்த்தினார். பள்ளிக்கூட வாத்தியாரும் அவர்களே. மற்றதெல்லாம் ஊரார் பொறுப்பு. ஏழையும் இயன்றதைக் கொடுக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகச் சென்றார்.

சபைகள் பிரிந்து கிடந்தால் கிராமத்தான் எதை நம்புவான் என்பதே அவர் கவலை. 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கிய முயற்சிக்கு ஆயுள் முழுதும் உழைத்தார். 1945 ஜனவரி 1-ல் காலமானார். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது அதைக் காண அவர் இல்லை.

திருவனந்தபுரத்தில் லண்டன் மிஷன் சபையாரும் ஆங்கிலிக்கன் சபையாரும் இன்று ஒரே திருச்சபையினராக இருப்பதில் அன்னாரின் உழைப்புக்கும் பங்கு உண்டு.