அனாதை நாய்களுக்கு வீடு தேடிய அம்மையார்

1860-ம் ஆண்டு. லண்டன் மாநகரில் இஸ்லிங்டன் என்ற பகுதி. மேரி டீல்பி என்ற அம்மையார், தன் தோழி சாரா மேஜரைப் பார்க்கப் போனார். தோழியின் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு நாய் கிடந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. தெருவில் பட்டினி கிடந்த அதைத் தோழிதான் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்.

எவ்வளவோ கவனித்தும் பலன் இல்லை. நாய் இறந்துவிட்டது.

அதோடு அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேரி அம்மையாருக்கு மனம் கேட்கவில்லை. அதன் பிறகு கண்ணில் பட்ட பட்டினி நாய்களை எல்லாம் கொண்டுவந்து, தோழி வீட்டில் பாத்திரம் கழுவும் அறையில் வைத்துச் சோறு போட்டார். சில நாட்களிலேயே அந்த அறையில் இடம் இல்லாமல் போயிற்று!

கணவரைப் பிரிந்தவர்

மேரி பணக்காரர் அல்ல. 1801-ல் பிறந்தவர். ஹல் நகரத்து மர வியாபாரி ஒருவரை மணந்தார். இல்லறம் நிலைக்கவில்லை. கணவரைப் பிரிந்து வந்து, பாதிரியாரான தன் சகோதரர் எட்வர்டு பேட்சுடன் லண்டனில் வசித்தார். அந்த நாளில் கணவரைப் பிரிந்து வாழும் பெண்ணை இங்கிலாந்திலும் ஊரார் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். அப்படிப்பட்டவர், 60 வயதை நெருங்கும் நேரத்தில், பொதுக் காரியத்தில் இறங்கினார்.

நம் ஊர்த் தெருநாய் தெருவிலேயே பிறந்து தெருவிலேயே வளரும். லண்டன் கதை வேறு. அங்கே தெருவில் திரிந்தவற்றில் பல, ஒரு காலத்தில் வீட்டில் செல்லமாக வளர்ந்த நாய்கள். சில வழி தவறியவை. சில, எஜமானர்கள் கைவிட்டவை. அங்கே நாய்த் திருட்டும் ஒரு தொழிலாக நடந்தது. நாயைத் திருடி, சொந்தக்காரரிடமே பணம் கேட்பார்கள். புகழ்பெற்ற பெண் கவிஞர் எலிசபெத் பாரட் வளர்த்த பிளஷ் என்ற நாய் மூன்று முறை திருடு போயிற்று. ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்துத்தான் மீட்டார்கள்.

குதிரை லாயத்தில் தொடக்கம்

1860 அக்டோபரில் ஹாலோவே என்ற இடத்தில் குதிரை லாயம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார் மேரி. வழி தவறிய, பட்டினியால் வாடும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்று பெயர் வைத்தார். பெயரில் உள்ள தற்காலிகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாய்களை வாழ்நாள் முழுவதும் அடைத்து வைப்பது அவர் நோக்கம் அல்ல. பழைய வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் புது வீடு தேட வேண்டும்.

அதற்கு ஏற்ப விதிகள் வகுத்தார்கள். வந்த நாய் 14 நாள் காத்திருக்கும். அதற்குள் சொந்தக்காரர் வந்தால், தீனிச் செலவைக் கட்டிவிட்டு அழைத்துப் போகலாம். வராவிட்டால் நாயை விற்கலாம். வேறு ஏற்பாடும் செய்யலாம். நாயைக் கொண்டு வந்து விடுபவருக்குச் சன்மானம் கிடையாது. இது கஞ்சத்தனம் அல்ல. காசு கிடைக்கும் என்று தெரிந்தால், திருடர்கள் வீட்டு நாயையே பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள் அல்லவா?

பத்திரிகையின் கேலி

டைம்ஸ் பத்திரிகை இதைக் கேலி செய்தது. நாய்க்கு இல்லம் கட்டுகிறவர்களுக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்ற முறையில் எழுதியது. மனிதனே வீடு இல்லாமல் கிடக்கும்போது நாய்க்கு வீடா என்று பலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்படிக் கேட்டவர்களில் எத்தனை பேர் ஏழைக்கு வீடு கட்டிக் கொடுத்தார்களோ!

மேரி பின்வாங்கவில்லை. நன்கொடை திரட்டினார். 1862-ல் பிரபல நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. பரிசு வாங்கும் உயர்சாதி நாய்களின் கண்காட்சியையும் ஹாலோவே லாயத்து நாய்களையும் ஒப்பிட்டு, லாயத்தைப் பாராட்டியது. ஊரின் ஏளனம் குறையத் தொடங்கியது.

ஆனால் அம்மையாரின் உடலில் புற்றுநோய் குடியேறிவிட்டது. 1865 அக்டோபரில், இல்லம் தொடங்கி ஐந்தே ஆண்டுகளில், அவர் காலமானார். பிக்கிள்ஸ்வேட் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

1871-ல் இல்லம் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள பேட்டர்சீ பகுதிக்கு மாறியது. அதை அம்மையார் பார்க்கவில்லை. அங்கே போலீசார் பிடித்து வந்த நாய்கள் குவிந்தன. எல்லாவற்றுக்கும் வீடு கிடைக்கவில்லை. ஏராளமான நாய்கள் கொல்லப்பட்டன. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 1883-ல் பூனைகளுக்கும் அங்கே இடம் தந்தார்கள். விக்டோரியா மகாராணியே இல்லத்தின் புரவலர் ஆனார்.

1907-ல் ஒரு சோதனை வந்தது. உயிரோடு அறுத்து ஆராய்ச்சி செய்ய, கேட்பாரற்ற நாய்களை விலைக்குத் தர வேண்டும் என்று கேட்டார்கள். எப்படியும் கொல்லப் போகும் நாய்கள்தானே என்று இல்லம் நினைத்திருந்தால், நல்ல வருமானம் கிடைத்திருக்கும். இல்லத்தின் தலைவராக இருந்த போர்ட்லண்ட் பிரபு, ஒரு நாயைக்கூடத் தர முடியாது என்று மறுத்துவிட்டார்.