ஆகஸ்ட் பியர் (1861–1949): தண்டுவட மயக்க முறையின் முன்னோடி

இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பெறும் முதியோர் பலருக்கு இன்று முழு மயக்கம் அளிக்கப்படுவதில்லை. முதுகின் கீழ்ப்பகுதியில் செலுத்தப்படும் ஓர் ஊசியின் வாயிலாக இடுப்புக்குக் கீழே மட்டும் உணர்வு நீக்கப்படுகிறது. தண்டுவட மயக்கம் எனப்படும் இம்முறைக்கு அறுவை சிகிச்சையில் வழிவகுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியர் ஆவார்.

பியர் 1861ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று ஜெர்மனியின் ஹெல்சன் என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவம் பயின்றபின் கீல் நகரில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் எஸ்மார்க்கிடம் உதவியாளராகப் பணியாற்றினார். முதுகெலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை அதே நகரில் பணிபுரிந்த குவின்கே 1891ஆம் ஆண்டு வெளியிட்டிருந்தார். அவ்வழியே மருந்தைச் செலுத்தினால் உணர்வை நீக்கலாம் எனப் பியர் கருதினார்.

1898 ஆகஸ்ட் 16 அன்று, கணுக்கால் மூட்டில் காசநோய் கண்ட 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு அவர் இம்முறையைக் கையாண்டார். அத்தொழிலாளி முன்னர் முழு மயக்கத்தால் பெரிதும் துன்புற்றவர். 15 மில்லிகிராம் கொக்கெயின் செலுத்தப்பட்டபின் அறுவை சிகிச்சை வலியின்றி நிறைவுற்றது. ஆயினும் பின்னர் அவருக்குக் கடும் தலைவலியும் வாந்தியும் ஏற்பட்டன.

இதன் காரணத்தை அறியப் பியர் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தினார். ஆகஸ்ட் 24 அன்று அவருடைய உதவியாளர் ஹில்டெபிராண்ட் அவருக்கு ஊசி செலுத்தினார். மருந்துக் குழல் ஊசியுடன் பொருந்தாமையால் தண்டுவட நீர் பெருமளவு வெளியேறியது. பின்னர் ஹில்டெபிராண்டுக்குப் பியர் மருந்து செலுத்தினார். காலில் பலமாக அடித்தும் அவருக்கு வலி தெரியவில்லை. ஏறத்தாழ 45 நிமிடங்களில் உணர்வு திரும்பியது. பியரோ எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் நிவாரணம் என்னும் நிலையில் ஒன்பது நாள்கள் படுக்கையில் கழித்தார். தண்டுவட நீர் கசிவதே இத்தலைவலிக்குக் காரணம் என அவர் கருதினார். அவர் தம் முறையின் நன்மையுடன் அதன் துன்பத்தையும் மறைக்காமல் 1899ஆம் ஆண்டு வெளியிட்டார்.

1907ஆம் ஆண்டு பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியரான பியர், மறு ஆண்டில் கையின் சிரை வழியே மருந்து செலுத்தி அக்கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையையும் அளித்தார். சாவென் என்னும் ஊரில் காடு வளர்ப்பில் ஈடுபட்ட அவர், 1949 மார்ச் 12 அன்று தமது 87ஆம் வயதில் அங்கேயே காலமானார்.

இன்று கொக்கெயினுக்கு மாற்றாகப் பாதுகாப்பான மருந்துகளும் மிக மெல்லிய ஊசிகளும் பயன்படுகின்றன. இத்தலைவலி முதியோருக்கு அரிதாகவே வருகிறது. தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழே ஊசி செலுத்தப்படுவதால் தண்டுவடத்தில் காயம் ஏற்படுவதும் மிக அரிது.

முன்பு மயக்கமருந்தால் நேர்ந்த துன்பங்களையும், இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மருந்துகளையும் மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். எம்மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். கால்களில் உணர்வும் வலுவும் முழுமையாகத் திரும்பும்வரை முதியவரைத் துணையின்றி எழ விடாதீர்கள். எழுந்து அமரும்போது தலைவலி மிகுந்தால் உடனே மருத்துவரிடம் கூறுங்கள். அதனைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.