தோளில் ஏறிய ஞானக் குழந்தை... துணைக்கு வந்த யாழ்!

கச்சேரிக்குப் போகும் இசைக் கலைஞர்களின் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கையில் வாத்தியம், ஒரு கையில் குழந்தை. ஊர் மாறும், தண்ணீர் மாறும், தூங்கும் நேரம் மாறும். அதிலும் பாடுவது பெரியவர்கள் இல்லை, அந்தக் குழந்தையே பாடகர் என்றால்?

சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு, சோழ நாட்டில் அப்படி ஒரு குழந்தை ஊர் ஊராகச் சென்று பாடியது. அதைத் தோளில் தூக்கிச் சென்றவர் பெற்ற தகப்பனார். யாழோடு துணைக்கு வந்தவர்கள் ஒரு பாணரும் அவருடைய மனைவியும். அந்தக் குழந்தைதான் திருஞானசம்பந்தர்! தேவாரத்தின் முதல் மூன்று திருமுறைகளும் அவர் பாடியவை. சம்பந்தரின் பெருமை நமக்குத் தெரியும். அவரைச் சுமந்தவர்களின் பெருமையையும் கொஞ்சம் பார்க்கலாம், வாருங்கள்.

பால் கொடுத்தது யார்?

சீர்காழியில் கவுணியர் கோத்திரத்தில் வந்தவர் சிவபாத இருதயர். அவர் மனைவி பகவதியார். இந்தத் தம்பதியின் தவப்புதல்வன்தான் சம்பந்தர்.

குழந்தைக்கு மூன்றாவது வயது நடக்கும் சமயம். ஒருநாள் காலையில் குளிக்கக் கிளம்பிய அப்பாவின் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடியது பிள்ளை. எந்த வீட்டில்தான் நடக்காது இது? வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனார் சிவபாத இருதயர். கோயில் திருக்குளத்தின் கரையில் உட்கார வைத்துவிட்டு, நீருக்குள் மூழ்கி மந்திரம் ஜபித்தார்.

அப்பாவைக் காணோம்! குழந்தை பயந்துபோய், தோணியப்பர் கோயில் சிகரத்தைப் பார்த்து அம்மா, அப்பா என்று அழுதது. மனமிரங்கிய ஈசன், அம்பிகையைப் பால் கொடுக்கச் சொன்னார். உமையவள் பொற்கிண்ணத்தில் ஞானப்பால் கொடுத்துக் கண்ணீரைத் துடைத்தாள்.

கரையேறி வந்த தந்தையார், பிள்ளையின் கடைவாயில் பால் வழிவதைப் பார்த்தார். யாரோ கொடுத்த எச்சில் பாலைக் குடித்துவிட்டதோ என்று கோபம் வந்தது. கையில் ஒரு சிறு கோலை எடுத்து, கொடுத்தவர் யாரென்று காட்டச் சொல்லி மிரட்டினார். குழந்தை விரலை நீட்டிக் கோயிலைக் காட்டியது. அப்படியே பாடவும் தொடங்கியது. அதுதான் முதல் பதிகம்!

கோலை ஓங்கிய கை அந்த நிமிடமே தாழ்ந்தது. அதன்பின் அந்தக் கை பிள்ளையைத் தூக்கிச் சுமக்க மட்டுமே உயர்ந்தது.

நோகாத கைகளுக்குப் பொற்றாளம்

அடுத்த நாள், சீர்காழிக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருக்கோலக்காவுக்குச் சென்றார் சம்பந்தர். பிஞ்சுக் கைகளால் தாளம் போட்டுக்கொண்டே பாடினார். அந்தக் கை சிவந்து நோகுமே என்று இறைவனுக்கே பொறுக்கவில்லை. ஐந்தெழுத்து பொறித்த பொற்றாளங்களைத் தந்தருளினார். அந்தத் தாளத்துக்கு ஓசை கொடுத்தவள் அம்பிகை. அதனால்தான் இத்தலத்து அம்மனுக்கு ஓசை கொடுத்த நாயகி என்று திருநாமம். பேச்சு சரியாக வராத பிள்ளைகளுக்காக இங்கே வந்து வேண்டிக்கொள்ளும் தாய்மார்களை இன்றும் பார்க்கலாம்.

பிள்ளையின் புகழ் பரவியதும் ஊர்க்காரர்கள் அழைக்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்து அழைத்தவர்களில் திருநனிபள்ளி அன்பர்களும் உண்டு. அது தாயார் பகவதியார் பிறந்த ஊர். மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார் சிவபாத இருதயர். தூரத்தில் ஊர் தெரிந்ததும், அது எந்த ஊர் என்று கேட்டது குழந்தை. அதுதான் நனிபள்ளி என்றார் தகப்பனார். அவ்வளவுதான்... தந்தையின் தோளில் அமர்ந்தபடியே பதிகம் பிறந்துவிட்டது!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிவபாத இருதயர் வேதம் ஓதியவர். ஊரில் மதிப்பு மிக்கவர். ஆனால் மகனுக்கு முன்னால் அவர் குருவாக நிற்கவில்லை, மேடையாக நின்றார்.

யாழோடு வந்த தம்பதி

அந்த நாட்களில்தான் சீர்காழிக்கு வந்து சேர்ந்தார்கள் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரும். விருத்தாசலத்துக்கு அருகே உள்ள திருஎருக்கத்தம்புலியூர் இவர்கள் ஊர். கோயில் கோயிலாகச் சென்று சிவபெருமானின் புகழை யாழில் இசைப்பதே பாணரின் வாழ்க்கை.

மதுரையில் கோயில் வாசலில் நின்றபடி யாழ் வாசித்தார் அவர். அன்றிரவு இறைவன் அடியார்களின் கனவில் தோன்றி, அவரை உள்ளே அழைத்து வரும்படி பணித்தார். சந்நிதியில் அமர்ந்து வாசித்தபோது, தரையின் ஈரம் பட்டால் யாழின் நரம்பு கெடும் என்று அசரீரி ஒலிக்க, அடியார்கள் பொற்பலகை இட்டார்கள். திருவாரூரில் பாணருக்காக வடக்குத் திசையில் தனி வாயிலே வகுத்தருளினார் ஈசன். அடியார் கையிலுள்ள வாத்தியத்துக்கும் சளி பிடிக்கக் கூடாதென்று கவலைப்படும் கடவுள் நம் கடவுள்!

இவ்வளவு அருள் பெற்றவர், ஒரு சிறு குழந்தையின் முன்னால் வந்து விழுந்து வணங்கினார். அந்தக் குழந்தை பாடும் பதிகங்களை யாழில் வாசித்தபடி கூடவே வர அனுமதி கேட்டார். அன்று சேர்ந்தவர்கள் கடைசி வரை பிரியவில்லை.

நடந்தால் கால் வலிக்குமே!

தந்தை, பாணர் தம்பதி, அடியார் கூட்டம் என எல்லோருமாகப் பயணம் தொடர்ந்தது. தில்லையை வணங்கி, பாணரின் ஆசைப்படி அவர் பிறந்த எருக்கத்தம்புலியூருக்கும் போனார்கள். பிறகு முதுகுன்றம், பெண்ணாகடம்...

பெண்ணாகடத்திலிருந்து திருவரத்துறைக்குக் கிளம்பும்போது ஒரு மாற்றம். தோளில் ஏற மறுத்துவிட்டார் சம்பந்தர். தம் கால்களால் நடந்தே வந்தார். சின்னஞ்சிறு பாதங்கள் நோவதைப் பார்த்துத் தகப்பனார் மனம் வாடினார். நடக்கிறேன் என்று கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளையைப் பார்த்துப் பெருமையும் வேதனையும் சேர்ந்து வருமே, அந்த நிலைதான்!

பொழுது சாய்ந்துவிட, மாறன்பாடி என்ற ஊரில் தங்கினார்கள். அன்றிரவு அரத்துறை ஊர்ப் பெரியவர்களின் கனவில் தோன்றிய இறைவன், முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் சின்னமும் கோயிலில் இருப்பதாகவும், அவற்றைச் சம்பந்தரிடம் சேர்க்கும்படியும் சொன்னார். மறுநாள் அந்தப் பல்லக்கில் ஏறினார் பிள்ளையார். பிள்ளை வளரும்போது பெற்றவர் தோள் போதாது என்றாகும் நாள் வரத்தான் செய்யும். அதற்குமேல் சுமக்க ஆண்டவன் இருக்கிறான் என்று காட்டிய தலம் இது. இன்று திருவட்டத்துறை என்று வழங்குகிறது.

ஊர் திரும்பி, ஏழாம் வயதில் உபநயனம் ஆயிற்று. மீண்டும் யாத்திரை. பட்டீஸ்வரத்துக்கு வந்தபோது கடும் வெயில். சிவகணங்கள் முத்துப் பந்தல் பிடித்து நிழல் தந்தன. இன்றும் ஆனி மாதத்தில் அங்கே முத்துப் பந்தல் விழா நடக்கிறது.

திருவாவடுதுறையில் தந்தை மகனிடம் ஒரு விஷயம் சொன்னார். வேள்வி செய்யும் காலம் வந்துவிட்டது, அதற்குப் பொருள் வேண்டும் என்று. பிள்ளையின் கையிலோ காசு இல்லை! சம்பந்தர் சந்நிதியில் நின்று உருகிப் பாட, ஒரு சிவபூதம் பலிபீடத்தின் மேல் ஆயிரம் பொன் கொண்ட கிழியை வைத்தது.

அதைப் பெற்றுக்கொண்ட சிவபாத இருதயர் என்ன செய்தார் தெரியுமா? மகனுடைய புகழின் நிழலில் தங்கிவிடவில்லை. வேள்விக்காகக் கேட்டார், கிடைத்ததும் சீர்காழிக்குத் திரும்பிவிட்டார். மகனை அடியார்களிடம் விட்டுவிட்டு! சுமந்து வந்த தோளுக்கு அந்தக் காலியான பயணம் எவ்வளவு கனத்திருக்கும் என்பது தாய்மார்களுக்குச் சொல்லாமலே புரியும்.

உடையாமல் தப்பிய யாழ்

அதன்பின் பிள்ளையாருடன் தலம் தலமாகச் சென்றவர்கள் அடியார்களும், யாழ்ப்பாணர் தம்பதியும்தான். காரைக்காலுக்கு அருகே உள்ள தருமபுரம் பாணருடைய தாயார் பிறந்த ஊர். உறவினர்கள் கூடி வரவேற்றார்கள். பாசம் கண்ணை மறைக்க, எங்கள் வீட்டுப் பிள்ளை யாழ் வாசிப்பதால்தான் இந்தப் பதிகங்கள் உலகம் முழுக்கப் பரவுகின்றன என்று புகழ்ந்தார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் தலை கனத்திருக்கும். பாணருக்கோ உடல் நடுங்கியது! யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடி, உண்மையை இவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும் என்று சம்பந்தரிடம் வேண்டினார். பிள்ளையார் பாடினார். பாணர் வாசிக்க முயன்றார். விரலும் நரம்பும் பின்தொடர முடியவில்லை. இந்தக் கருவியால்தானே இந்தப் பேச்சு வந்தது என்று யாழை உடைக்க ஓங்கினார்.

சட்டென்று தடுத்து அதை வாங்கிக்கொண்டார் சம்பந்தர். சிவசக்தியின் செயல் எல்லாம் ஒரு கருவிக்குள் அடங்குமா, முடிந்த அளவு வாசித்தால் போதும் என்று ஆறுதல் சொல்லி, யாழைத் திரும்பக் கையில் கொடுத்தார். யாழ்முரி என்று போற்றப்படும் பதிகம் பிறந்த கதை இது.

பிறகு சாத்தமங்கை. அங்கே அந்தணரான திருநீலநக்க நாயனார் வீட்டில் தங்கினார்கள். பாணரும் மனைவியாரும் இரவு தங்க இடம் தர வேண்டும் என்று கேட்டவர் சம்பந்தர். வீட்டின் நடுவே, வேள்வித் தீ வளர்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார் நீலநக்கர். அந்தத் தீ வலமாகச் சுழன்று முன்னைவிடப் பிரகாசமாக எரிந்ததாம்! தம்மைக் காத்து உடன் வந்தவர்களை வாசலில் நிறுத்தாத பிள்ளையின் அன்பும், சாதி பாராத நாயனாரின் பக்தியும் அந்த ஜுவாலையில் தெரிகின்றன.

மதுரைக்கு நடந்த தகப்பன்

மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று மதுரைக்குச் சென்றார் சம்பந்தர். அங்கே வாதங்கள், சோதனைகள், கடைசியில் வெற்றி. இந்தச் செய்திகள் கேட்டுச் சீர்காழியில் தந்தையால் இருக்க முடியவில்லை. கிளம்பி மதுரைக்கே வந்துவிட்டார்! 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். அரசனே வணங்கும் குருவாக இருந்த மகன், தந்தையைக் கண்டதும் பிறந்த ஊரையும் தோணியப்பரையும் நினைந்து உருகிப் பாடினார். மூன்று வயதில் குளக்கரையில் அப்பாவைத் தேடிய அதே பிள்ளை!

மதுரையிலிருந்து திரும்பும் வழியில், திருப்பூந்துருத்தியில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து சிவிகையைச் சுமந்தார் முதியவரான அப்பர் பெருமான். அது தெரிந்ததும் பதறிக் கீழே குதித்து வணங்கினார் சம்பந்தர். சுமக்கப்படுவது உரிமை அல்ல, மற்றவர்களின் அன்பு என்பதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை.

பதினாறாம் வயதில், பெரியவர்களின் விருப்பப்படி திருநல்லூர்ப் பெருமணத்தில் திருமணம். சடங்குகளை நடத்தியவர் அதே நீலநக்கர். மணக்கோலத்தில் கோயிலுக்குச் சென்று பாட, பெருஞ்சோதி தோன்றியது. மணமகள், தந்தையார், யாழ்ப்பாணர், மதங்கசூளாமணியார், அடியார்கள் என வந்திருந்த எல்லோரையும் முன்னே அனுப்பிவிட்டு, கடைசியில்தான் பிள்ளையார் சோதியில் கலந்தார். அது வைகாசி மூலம். யாழ்ப்பாணருக்கும் குருபூஜை அன்றுதான்.

பல நூற்றாண்டுகள் கழித்து, தில்லையில் பூட்டிய அறையிலிருந்து தேவார ஏடுகள் மீட்கப்பட்டன. பாட்டு கிடைத்தது, பண் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணுக்கு அது தெரியும் என்று இறைவன் அறிவிக்க, அவரை வரவழைத்துப் பண் வகுத்தார்கள் என்கிறது திருமுறை கண்ட புராணம். அன்று ஒரு குழந்தையின் பின்னால் நடந்த இசை, வீட்டுக்குள் பிள்ளைகளிடம் பத்திரமாக இருந்து, ஒரு பெண்ணின் குரலில் திரும்பி வந்தது!

உங்கள் குழந்தையைப் பாட்டு வகுப்புக்கோ போட்டிக்கோ அழைத்துச் செல்லும்போது சிவபாத இருதயரை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்க வேண்டிய நேரத்தில் தூக்கினார். நடக்க விட வேண்டிய நேரத்தில் விட்டார். விலக வேண்டிய நேரத்தில் விலகினார். மீதியைத் தோணியப்பர் பார்த்துக்கொண்டார்.

தரிசிக்க...

சீர்காழி: மயிலாடுதுறை மாவட்டம். சித்திரையில் திருமுலைப்பால் விழா விசேஷம். 2023 ஏப்ரலில் இந்தக் கோயிலில் பள்ளம் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் கிடைத்தன. திருக்கோலக்கா இந்த ஊரிலேயே உள்ளது.

திருநனிபள்ளி: இன்றைய பெயர் புஞ்சை. செம்பனார்கோவிலுக்கு அருகில்.

திருவட்டத்துறை: கடலூர் மாவட்டம், பெண்ணாகடத்துக்கு அருகில்.

எருக்கத்தம்புலியூர்: இன்றைய பெயர் ராஜேந்திரப்பட்டினம். விருத்தாசலத்துக்கு அருகில்.

தருமபுரம்: காரைக்காலுக்கு அருகில். மூலவர் யாழ்முரிநாதர். மயிலாடுதுறையில் ஆதீனம் இருக்கும் தருமபுரம் வேறு.

நல்லூர்ப் பெருமணம்: இன்றைய பெயர் ஆச்சாள்புரம். கொள்ளிடத்துக்கு அருகில்.