முயலை வளர்த்து முயலை வரைந்தவர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

நீலச் சட்டை அணிந்து, இரண்டு கால்களில் நின்று முள்ளங்கி தின்னும் ஒரு முயலின் படத்தை இம்மலரைப் படிக்கும் நண்பர்களில் பலர் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். குழந்தைகளின் பால் குவளை, சாப்பாட்டுத் தட்டு, போர்வை என்று அது ஏறாத பொருள் இல்லை. அம்முயலின் பெயர் பீட்டர். அதனை வரைந்தவர் இங்கிலாந்து நாட்டுப் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார். அவரைக் குழந்தைக் கதை எழுதியவர் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். என்னைக் கவர்ந்ததோ கதை அன்று. அந்த முயல் உண்மையாகவே ஒரு வீட்டில் வளர்ந்த முயல்; பெயரோடு, வயதோடு, இறந்த தேதியோடு இருந்த முயல் என்பதுதான். வளர்ப்புப் பிராணிகளை நீர்வண்ணத்தில் வரைந்தே ஒருவர் உலகப்புகழ் பெற முடியும் என்பது விலங்கியல் படிக்கும் எனக்கு வியப்பாக இருந்தது.

அம்மையார் 1866ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் லண்டன் மாநகரில், போல்டன் கார்டன்ஸ் என்னும் தெருவில் இரண்டாம் எண் வீட்டில் பிறந்தார். பாட்டனார் துணிக்கு அச்சிடும் ஆலை நடத்திப் பெரும் பொருள் ஈட்டியவர். தந்தையார் ரூபர்ட் பாட்டர் வழக்கறிஞர் பட்டம் பெற்றவர். ஆனால் வழக்காடிப் பிழைக்கும் தேவை அவருக்கு இல்லை. வீட்டில் வேலையாட்கள் உண்டு, வண்டி உண்டு, கோடை தோறும் ஸ்காட்லாந்தில் மாதக்கணக்கில் தங்க மாளிகை உண்டு. இல்லாத ஒன்று பள்ளிக்கூடம். ஆறு வயது இளைய தம்பி பெர்ட்ரம் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அக்காளுக்கு வீட்டிலேயே ஆசிரியைகள் வந்து பாடம் சொன்னார்கள். பெண்ணுக்கு அதுவே போதும் என்று அக்காலத்துச் செல்வர் வீடுகளில் எண்ணினார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், காரணம் வறுமை. பணம் இல்லாமையால் கதவு மூடியிருப்பதை நான் அறிவேன். பணம் குவிந்து கிடந்த வீட்டிலும் அதே கதவு ஒரு பெண்ணுக்கு மூடியிருந்தது என்று படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வீட்டின் மேல்மாடியில் இருந்த படிப்பறையே அக்காள் தம்பி இருவருக்கும் உலகம். அங்கே பல்லி, நீர்ப்பல்லி, தவளை, வெளவால், எலி, முள்ளெலி, பாம்பு, முயல் எல்லாம் வளர்ந்தன. பெற்றோருக்குத் தெரிந்து வந்தவை சில; தெரியாமல் வந்தவை பல. இறந்துபோன பிராணிகளையும் அவர்கள் வீணாக்கவில்லை. தோலை உரித்து, கொதிக்க வைத்து, எலும்புகளைத் தனியே எடுத்து, மீண்டும் கோத்து, அவற்றையும் வரைந்தார்கள். கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம். ஆனால் முயலின் பின்னங்கால் எங்கே மடிகிறது, தோள்பட்டை எலும்பு எப்படி நகர்கிறது என்பது அப்படித்தான் அந்தக் கைக்குப் பழகியது. பின்னாளில் அவர் வரைந்த முயல் சட்டை போட்டு நிற்கும். ஆனால் சட்டைக்குள் இருப்பது முயலின் உடம்பேயன்றி மனிதப் பிள்ளையின் உடம்பு அன்று. சட்டையைக் கழற்றிப் போட்டு ஓடும் படத்தைப் பார்ப்பவர்க்கு இது விளங்கும். இன்று எங்கள் ஆய்வகத்தில் பிராணிகளை அறுப்பதில்லை. விளக்கப்படத்தையும் மாதிரியையும் பார்த்தே ரெக்கார்டு நோட்டில் வரைகிறோம். அது உயிர்களுக்கு நல்லதே. எனினும் படத்தைப் பார்த்து வரையும் படத்தில் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது என்பதும் உண்மையே.

இங்கே புகைப்படம் பற்றிச் சொல்லியாக வேண்டும். தந்தையார் ரூபர்ட் பாட்டருக்குப் புகைப்படக் கலையில் தீராத ஆசை. 1869ஆம் ஆண்டிலேயே லண்டன் புகைப்படக் கழகத்தில் உறுப்பினரானவர். புகழ்பெற்ற ஓவியர் ஜான் எவரெட் மில்லே அவருடைய நண்பர். மில்லே பெரிய மனிதர்களின் உருவப்படம் தீட்டும்போது, அவர்கள் மணிக்கணக்கில் உட்கார முடியாதல்லவா? பிரதமர் கிளாட்ஸ்டன் போன்றவர்களை ரூபர்ட் பாட்டர் புகைப்படம் எடுத்துக் கொடுப்பார். ஓவியர் அதனைத் துணையாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார். ஆக, புகைப்படத்திலிருந்து ஓவியம் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சிறுவயதிலேயே அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு அம்மையாருக்குக் கிடைத்தது. தந்தை தம் பழைய காமிரா ஒன்றையும் மகளுக்குத் தந்தார். அது பெருத்த சுமை; தூக்கிக்கொண்டு நடப்பதே ஒரு வேலை.

ஆனால் அக்காலப் புகைப்படம் கறுப்பு வெள்ளை. முயலின் காதில் வெயில் படும்போது தெரியும் இளஞ்சிவப்பையும், முதுகில் பழுப்பும் சாம்பலும் கலந்து கிடக்கும் மயிரையும் அது காட்டாது. அவற்றுக்குப் பிராணியிடமேதான் போகவேண்டும். நீர்வண்ணமோ இரக்கமற்ற பொருள். எண்ணெய் வண்ணத்தில் தவறினால் மேலே பூசி மறைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் வெளுப்பு என்பது பெரும்பாலும் காகிதத்தின் வெளுப்பே. கண்மணியில் மின்னும் ஒளிப்புள்ளியை முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும். மெல்லிய நிறத்தை முதலில் பரப்பி, உலரவிட்டு, அடர்ந்த நிறத்தைப் பிறகு ஏற்ற வேண்டும். மயிர்க்கோடுகளுக்குத் தூரிகையில் ஈரமே இல்லாததுபோல் பிழிந்துகொண்டு, ஒவ்வொரு கோடாக இழுக்க வேண்டும். அம்மையார் இந்த உலர்தூரிகை முறையில் தேர்ந்தவர். பெஞ்சமின் என்ற தம் முயலின் தலையை மட்டும் பல கோணங்களில் ஒரே தாளில் அவர் தீட்டி வைத்த பயிற்சிப் படம் உண்டு. அச்சில் பார்த்தாலே தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

என் அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வில்லை கொண்ட வண்ணப் பெட்டியை வைத்துக்கொண்டு, எங்கள் தெருவில் கேட்பவர்களுக்கு நாய், பூனை, ஆடு ஆகியவற்றின் படங்களை வரைந்து கொடுப்பேன். கைபேசியில் உள்ள புகைப்படத்தைக் காட்டுவார்கள். தேர்வுக் கட்டணத்துக்கு அது உதவுகிறது. சென்ற ஆண்டு பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், செத்துப்போன தம் நாயின் படத்தைக் காட்டினார். படத்தில் நாய் நேராக, இரண்டு காதையும் விறைத்துக்கொண்டு நிற்கிறது. படம் எடுப்பவரைக் கண்டு மிரண்டிருக்கிறது. நான் தூரிகையைத் தொடுவதற்கு முன், அது வீட்டில் எப்படி உட்காரும் என்று கேட்டேன். இடது காது எப்போதும் மடிந்தே இருக்கும் என்றார். மடித்தே வரைந்தேன். புகைப்படத்தில் இல்லாத அந்தக் காதைத்தான் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டர் அம்மையாரின் வரலாற்றைப் படித்திராவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றியிராது.

அம்மையார் படத்துக்கு முதன்முதல் பணம் பெற்றதும் முயலால்தான். 1890ஆம் ஆண்டு பெஞ்சமினைப் பார்த்து வரைந்த ஆறு வாழ்த்து அட்டைப் படங்களை ஒரு பதிப்பகத்தார் ஆறு பவுன் கொடுத்து வாங்கினார்கள். மகிழ்ச்சி மேலிட்ட அம்மையார், சம்பாதித்துக் கொடுத்த பெஞ்சமினுக்கு ஒரு கோப்பை நிறையக் கஞ்சாச் செடியின் விதையைப் பரிசாகக் கொடுத்தார். (அந்நாளில் அது பறவைகளுக்குத் தீனி.) மறுநாள் காலை வரைய உட்கார்ந்தால், முயலுக்குப் போதை, ஓரிடத்தில் நிற்கவில்லையாம்! புகைப்படம் இந்தத் தொல்லைகளைத் தருவதில்லை.

பெஞ்சமினுக்குப் பின் வந்ததே பீட்டர். லண்டனில் நாலரை ஷில்லிங் கொடுத்து வாங்கிய குட்டி. அம்மையாரின் பழைய ஆசிரியையின் மகன் நோயல் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் நோயுற்றுப் படுத்திருந்தான். 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் ஸ்காட்லாந்திலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதச் செய்தி ஒன்றும் இல்லாததால் பீட்டர் முதலிய நான்கு முயல்களின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். அந்தக் கடிதமே பின்னர் நூலாயிற்று. ஆறு பதிப்பகங்கள் மறுத்துவிட்டன. 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டுக்கொண்டார். 1902 அக்டோபரில் பிரடெரிக் வார்ன் கம்பெனியார் வண்ணப்படங்களோடு வெளியிட்டனர். அந்த ஆண்டு முடிவதற்குள் 28,000 படிகள் அச்சாயின. ஆனால் இவற்றில் எதையும் பீட்டர் காணவில்லை. 1901 ஜனவரி 26ஆம் நாள், ஒன்பதாம் வயதின் முடிவில் அது இறந்துபோயிற்று.

கடிதத்துக்கும் நூலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மையார் காளான்களை ஆராய்ந்தார். தாவரவியல் துறை நண்பர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். சார்லஸ் மக்கின்டாஷ் என்னும் ஸ்காட்லாந்துக் கிராமத் தபால்காரர் காளான்களை நன்கு அறிந்தவர். அவர் மாதிரிகளை அனுப்ப, அம்மையார் நீர்வண்ணத்தில் தீட்டினார். வித்துகளை முளைக்க வைத்து நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார். மாமா முறையில் வேதியியல் அறிஞர் ஹென்றி ராஸ்கோ அவரைக் கியூ தாவரத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருந்த அதிகாரி இவரைப் பொருட்படுத்தவில்லை. 1897 ஏப்ரல் முதல் நாள் காளான் வித்துகள் முளைப்பது பற்றிய இவருடைய கட்டுரை லண்டன் லின்னேயன் கழகத்தின் கூட்டத்திற்கு வந்தது. பெண் என்பதால் இவர் அந்தக் கூட்டத்தில் கலந்துகொள்ள இயலாது. கியூவில் இருந்த ஜார்ஜ் மாஸி என்பவர் இவர் சார்பில் அதை முன்வைத்தார். பின்னர் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதன் படி இன்று கிடைக்கவில்லை. நூறாண்டுகள் கழித்து, 1997ஆம் ஆண்டில், இவருக்கு நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்பதை அக்கழகத்தார் ஒப்புக்கொண்டனர்.

புகைப்படத்தை நம்பி அவர் வரைந்தே தீரவேண்டிய நிலைமை 1904இல் வந்தது. இரண்டு எலிகள் ஒரு பொம்மை வீட்டுக்குள் நுழைந்து செய்யும் அட்டகாசம் கதை. எலிகள் வீட்டில் இருந்தன: ஹங்கா மங்கா, டாம் தம்ப் என்று பெயர். பொம்மை வீடோ பதிப்பகத்தார் நார்மன் வார்ன், தம் அண்ணன் மகளுக்காகத் தம் கையால் செய்தது. அது லண்டனுக்கு வெளியே அண்ணன் வீட்டில் இருந்தது. அங்கே வந்து பார்த்து வரையும்படி அழைத்தார்கள். அம்மையாருக்கு அப்போது 37 வயது. ஆயினும் வியாபாரக் குடும்பத்தோடு மகள் பழகுவதை விரும்பாத தாயார் அனுமதிக்கவில்லை. நார்மன் பொம்மை வீட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார். பொம்மைகளையும் பொம்மைச் சாப்பாட்டையும் கடையில் வாங்கி அனுப்பினார். எலிகள் ஏறி இறங்குவதைப் பார்த்து வரைய வசதியாகக் கண்ணாடி வைத்த எலிப்பெட்டி ஒன்றையும் செய்து கொடுத்தார். இந்நூலின் படங்களை எடுத்துப் பாருங்கள். சுவர், சன்னல், அடுப்பு ஆகிய அசையாப் பொருள்கள் புகைப்படத்திலிருந்து வந்தவை. ஏணிப்படியில் மூக்கை நீட்டி நிற்கும் எலி, கண்ணாடிக்கு அப்பால் உயிரோடு நின்ற எலி. எதற்குப் புகைப்படம் போதும், எதற்குப் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் ஓவியப் பள்ளியும் கற்பிக்க முடியாது என்பது என் கருத்து.

அடுத்த ஆண்டு வந்த முள்ளெலிக் கதைக்கும் வீட்டு முள்ளெலியே மாதிரி. அரைமணி நேரம் தூங்கி வழிந்தபடி உட்காருமாம். அதற்கு மேல் கொட்டாவி விட்டுக் கடிக்குமாம். ஆகவே பாவாடை சட்டைகளைப் பஞ்சடைத்த பொம்மைக்கு அணிவித்து வரைந்தார். முகத்தை மட்டும் முள்ளெலியிடமிருந்து பெற்றார்.

1905 ஜூலையில் நார்மன் வார்ன் அம்மையாரை மணக்க விரும்பிக் கடிதம் எழுதினார். பெற்றோரின் எதிர்ப்பை மீறி அவர் இசைந்தார். ஒரு மாதத்தில், ஆகஸ்டு 25ஆம் நாள், நார்மன் இரத்தப் புற்றுநோயால் மாண்டார். அதே ஆண்டில் அம்மையார் நூல்களில் வந்த வருவாயைக் கொண்டு ஏரிகள் நிறைந்த வடமேற்கு இங்கிலாந்தில், நியர் சாரி என்ற சிற்றூரில், ஹில் டாப் பண்ணையை வாங்கினார். அதன் பிறகு அவர் வரைந்த நூல்களில் அந்தப் பண்ணையின் வாத்தும் பூனையும் நாயும் படிக்கட்டும் தோட்டமுமே நிறைந்துள்ளன. 1913இல், 47ஆம் வயதில், வில்லியம் ஹீலிஸ் என்ற வழக்கறிஞரை மணந்தார். கண்பார்வை மங்க மங்க நுண்ணிய தூரிகை வேலை குறைந்தது. ஹெர்ட்விக் என்னும் மலையாட்டு இனத்தை வளர்ப்பதில் மனம் முழுதும் சென்றது. அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் எழுத்தாளர் அல்லர். ஆட்டுச் சந்தைக்கு வரும் ஹீலிஸ் அம்மாள்.

1943 டிசம்பர் 22ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய சாம்பலை மேய்ப்பர் டாம் ஸ்டோரி, அம்மையார் சொல்லியிருந்தபடி மலைச்சரிவில் தூவினார். இடத்தை வெளியில் சொல்லவில்லை. 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். காளான் படங்கள் ஆம்பிள்சைட் ஊரில் உள்ள ஆர்மிட் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1967ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் காளான்களை இனங்காண்பதற்காக ஃபின்ட்லே என்ற அறிஞர் எழுதிய நூலில், அவற்றிலிருந்து 50க்கும் மேற்பட்ட படங்கள் அச்சிடப்பட்டன.