அடுப்பங்கரையில் தொடங்கிய தொழில்
காமிரா மன்னர் ஆன பாங்கி குமாஸ்தா!

சொந்தத் தொழில் தொடங்கப் பலருக்கு ஆசை உண்டு. ஆனால் முதலுக்கு எங்கே போவது, நஷ்டம் வந்தால் என்ன ஆவது என்று யோசித்து யோசித்தே காலம் போய்விடுகிறது.

அப்படித் தயங்குவதற்கு எல்லாக் காரணமும் இருந்தவர் ஒரு பாங்கி குமாஸ்தா. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதியவர். அவரே பின்னாளில் கோடக் காமிராவைத் தந்தார். அவர் பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்மன்.

தந்தை மறைவு

ஈஸ்ட்மன் 1854-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். குடும்பம் ராச்செஸ்டர் நகரில் குடியேறியது. 1862-ல் தந்தை இறந்தார். அப்போது ஜார்ஜுக்கு வயது 7.

தாயார் மரியா தம் வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, சமைத்துப் போட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அவருடைய பெண்களில் ஒருத்தி இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாதவள்.

ஜார்ஜ் சிறு வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, இன்சூரன்சு ஆபீசில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 3 டாலர். 1874-ல் பாங்கி குமாஸ்தா ஆனார். வாரம் 15 டாலர் கிடைத்தது. கஷ்டம் தீர்ந்தது.

போகாத பயணம்

விடுமுறையில் சான்டோ டொமிங்கோ போக ஈஸ்ட்மன் நினைத்தார். அங்கே போட்டோ எடுத்து வரலாமே என்று உடன் வேலை செய்த ஒருவர் சொன்னார். உடனே காமிரா வாங்கினார்.

அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது எளிதல்ல! கண்ணாடித் தகட்டில் மருந்து பூசவேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, கழுவியும் விடவேண்டும். அதற்கு இருட்டுக் கூடாரமும், மருந்துப் புட்டிகளும் கூடவே போகவேண்டும். 5 டாலர் கொடுத்து இந்த வித்தையை அவர் கற்றார்.

பயணம் போகவில்லை. ஆனால் காய்ந்த தகட்டிலேயே படம் எடுக்கும் முறை பற்றி இங்கிலாந்துப் பத்திரிகையில் படித்தார். நாமும் செய்து பார்ப்போம் என்று இறங்கினார்.

இரவில் ஆராய்ச்சி

அதற்காக வேலையை விட்டுவிடவில்லை. வேலை இருக்கிறதே என்று சும்மா இருக்கவும் இல்லை. பகலில் பாங்கி; இரவில் தாயாரின் சமையலறை. அங்கே மருந்து காய்ச்சினார். அசதி மிஞ்சினால், அடுப்பருகே போர்வையுடன் தரையில் படுத்துத் தூங்கினார்.

மூன்று ஆண்டுகளில் வெற்றி கிடைத்தது. தகட்டில் மருந்து பூசும் இயந்திரமும் செய்தார். 1880-ல் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியை வாடகைக்குப் பிடித்தார். 125 டாலருக்குப் பழைய எஞ்சின் ஒன்று வாங்கினார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு குதிரைச் சக்திதான். எஞ்சினுக்கோ இரண்டு! தொழில் வளரும் என்று துணிந்து வாங்கினார்.

தாயார் வீட்டில் தங்கியிருந்த ஸ்ட்ராங் என்பவர் குதிரைச் சாட்டை செய்து விற்பவர். அவர் பணம் போட்டுக் கூட்டாளி ஆனார். 1881 செப்டம்பரில் ஈஸ்ட்மன் பாங்கி வேலையை விட்டார்.

வந்தது சோதனை

மறு ஆண்டே இடி விழுந்தது. விற்ற தகடுகள் கெட்டுப்போயின! படம் விழவில்லை. ஈஸ்ட்மன் மறைக்கவில்லை. கெட்ட தகடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நல்லவை கொடுத்தார். கைப்பணம் கரைந்தது, பெயர் நிலைத்தது. இங்கிலாந்து வரை சென்று காரணம் தேடினார். ஜெலட்டின்தான் குற்றவாளி என்று தெரிந்தது. அதன்பின் சரக்கைச் சோதித்தே வாங்கினார்.

1888-ல் கோடக் காமிரா வந்தது. விலை 25 டாலர். 100 படம் எடுத்தபின் காமிராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினால் போதும். 10 டாலருக்குப் படங்களைப் போட்டு, புதுச் சுருளும் மாட்டி அனுப்புவார்கள். 1900-ல் ஒரு டாலர் காமிராவும் வந்தது. சிறுவர்கள்கூடப் படம் எடுத்தார்கள்!

ஆட்களுக்குச் சமைத்துப் போட்ட தாயார் மகனுடைய உயர்வைக் கண்ணாரக் கண்டார். 1907-ல் அவர் மறைந்தார். ஈஸ்ட்மன் 1932-ல், 77-வது வயதில் காலமானார்.

ஈஸ்ட்மன் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிக்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்து ஆழத்தைக் கணக்குப் போடவும் இல்லை. சம்பளத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரவுதோறும் வேலை செய்தார். சொந்தத் தொழில் செய்ய விரும்புகிறவர்களே! பெரிய முடிவை நாளைக்கு எடுக்கலாம். இன்று இரவு செய்யக்கூடிய சிறு வேலை ஒன்று இருக்கும். அதை இன்றே தொடங்குங்கள்!