தீயை வெல்லக் கற்பித்த ஆசான்

வீரம் பிறவியிலேயே அமைவதா, பயிற்சியால் வளர்வதா என்னும் வினா பழையது. பயிற்சியால் வளர்வதே வீரம் என்பதைத் தம் வாழ்வாலும் இறப்பாலும் மெய்ப்பித்துக் காட்டியவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்.

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் 1800ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இளமையில் தந்தையாரின் கட்டடத் தொழிலில் ஈடுபட்டார். சுவர் எவ்வாறு நிற்கிறது, கூரையை எது தாங்குகிறது என்று அன்று கற்றறிந்ததே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது. 1824இல் எடின்பரோ நகரம் தனக்கென ஒரு தீயணைப்புப் படையை அமைத்தபோது, 24 வயதளவே ஆன அவ்விளைஞரிடம் தலைமை ஒப்படைக்கப்பட்டது.

படை முழுமையாகப் பயிற்சி பெறுமுன்னரே சோதனை வந்தது. அவ்வாண்டு நவம்பரில் மூண்ட பெருந்தீ, நாட்கணக்கில் எரிந்து நூற்றுக்கணக்கான குடும்பங்களை வீடற்றவர்களாக்கியது. நகரப் பெருமக்கள் பலரும் ஆளுக்கொரு கட்டளையிட்டதால் வீரர்கள் திகைத்தனர். பழியோ இளந்தலைவர்மீது விழுந்தது. அவர் மனம் தளரவில்லை. தீ நிகழும் இடத்தில் கட்டளையிடும் அதிகாரம் ஒருவரிடமே இருத்தல் வேண்டும் என்னும் உண்மையை நகரம் உணர்ந்தது. அவ்வதிகாரம் அவருக்கே வழங்கப்பெற்றது.

அதன்பின் அவர் வீரர்களை உருவாக்கிய முறை கருதத்தக்கது. பதினேழு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள இளைஞர்களையே பெரிதும் விரும்பித் தேர்ந்தார். கூரை வேய்வோர் உயரத்துக்கு அஞ்சார். தச்சரும் கொத்தரும் கட்டடத்தின் எப்பகுதி எப்போது சரியும் என்பதை அறிவர். ஆதலின் அத்தொழிலாளரைத் தம் படையில் சேர்த்தார். பெரும்பாலான தீ விபத்துகள் இரவில் நேர்வதால், பொழுது புலராத வேளையிலேயே அவர்களைப் பழக்கினார். ஏணியிலும் குறுகிய விளிம்பிலும் கால் நடுங்காதிருக்க உடற்பயிற்சி அளித்தார். புகை மண்டிய அறையில் தரையை ஒட்டியே தூய காற்று இருக்கும். ஆகவே தவழ்ந்து செல்லக் கற்பித்தார். தெருவில் நின்று சுவரை நனைப்பதால் பயனில்லை, உள்ளே புகுந்து தீயின் மூலத்தில் நீரைச் செலுத்துக என்பதே அவர் வகுத்த நெறி. இவற்றையெல்லாம் 1830இல் ஒரு நூலாகவும் எழுதி வெளியிட்டார்.

புகழ் பரவவே, லண்டன் அவரை அழைத்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி 1833இல் தொடங்கிய தீயணைப்புப் படைக்கு அவர் தலைவரானார். மறு ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்ற மாளிகை தீப்பற்றியது. அது அந்நிறுவனங்களிடம் காப்பீடு செய்யப்பட்டதன்று. எனினும் அவர் படையுடன் விரைந்தார். மாளிகையின் பெரும்பகுதி அழிந்தது. ஆயினும் பழம்பெருமை வாய்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் காப்பாற்றப்பட்டது.

தேம்ஸ் ஆற்றங்கரையில் பெருகிவந்த பெருங்கிடங்குகளின் ஆபத்தை அவர் முன்கூட்டியே எச்சரித்தார். அவர் அஞ்சியதே நடந்தது. 1861 ஜூன் 22ஆம் நாள் டூலி தெருக் கிடங்குகளில் தீ மூண்டது. பஞ்சும் சணலும் கொழுப்பும் வெடியுப்பும் அங்கே குவிந்திருந்தன. தீ பரவாமல் தடுப்பதற்கென்றே அமைத்த இரும்புக் கதவுகள் திறந்து கிடந்தன. மணிக்கணக்கில் போராடிக் களைத்திருந்த தம் வீரர்களை அணுகி அவர் ஊக்கமளித்துக்கொண்டிருந்த வேளையில், சுவர் ஒன்று சரிந்து அவரை மூடியது. சுவர்களின் இயல்பை நன்கறிந்தவர் சுவரின்கீழேயே உயிர் துறந்தார். அவரது உடலை மீட்க இரண்டு நாட்களாயின. தீ முற்றும் தணிய இரு வாரங்களாயின.

ஜூன் 29ஆம் நாள் நடந்த இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீண்டது. நகரின் ஆலய மணிகள் ஒலித்தன. இழப்பின் அளவைக் கண்டு திகைத்த காப்பீட்டு நிறுவனங்கள் பொறுப்பை அரசே ஏற்கவேண்டும் என்று வற்புறுத்தின. 1865இல் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு லண்டன் மாநகருக்குப் பொதுத் தீயணைப்புப் படை உருவாயிற்று. பிறந்த ஊராகிய எடின்பரோ 2008இல் அவருக்குச் சிலை எடுத்தது.

அந்த மாலையில் பிரெய்ட்வுட் பாதுகாப்பான தொலைவில் நின்றே கட்டளையிட்டிருக்கலாம். ஆனால் உள்ளே செல்லுமாறு இளைஞர்க்குக் கற்பித்தவர், தாம் வெளியே நிற்க ஒப்பவில்லை. கற்பிப்போரும் கற்போரும் நிறைந்த நம் கல்லூரி, அவ்வாசானிடம் அறிய வேண்டுவது இதுவே.